வேகப்பந்துக்கு எங்கே நிற்பது?

ஆண்டு மலர் என்றால் எல்லோரும் கவிதை எழுதுகிறார்கள். நான் மெக்கானிக்கல்காரன். தெரிந்தது கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் கிரிக்கெட். இரண்டையும் சேர்த்து ஒரு பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவுலர் வேகமாகப் போடுகிறான் என்றால் நம்ம பசங்க உடனே ஸ்டம்பை ஒட்டிப் பின்னால் போய்விடுவார்கள். கேட்டால், "டைம் கிடைக்கும்டா!" சென்னீர்குப்பத்துக் காலி மனையில் டென்னிஸ் பந்து ஆடும்போதும் இதே கதைதான், மேட்டிங் விரித்து கார்க் பந்தில் ஆடும்போதும் இதே கதைதான். சரி, எவ்வளவு டைம் கிடைக்கிறது? போட்டுப் பார்த்துவிடுவோம்.

பிட்ச் 20.12 மீட்டர். ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னால் கிரீஸ் கோடு. பவுலர் பக்கத்துக் கிரீஸிலிருந்து நம் கிரீஸ் வரை 17.68 மீட்டர். மணிக்கு 144 கி.மீ. என்றால் வினாடிக்கு 40 மீட்டர். காற்றிலும் தரையிலும் குறையும் வேகத்தை விட்டுவிட்டால், பந்து வந்து சேர 0.44 வினாடி. இதில் ஒரு மீட்டர் பின்னால் நின்றால் நமக்குக் கிடைப்பது 0.025 வினாடி! கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசையவே சுமார் 0.2 வினாடி ஆகிறது. அதில் எட்டில் ஒரு பங்குதான் லாபம். ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

இந்த லாபத்துக்கு விலையும் உண்டு. ஸ்டம்புக்கு 6 மீட்டர் முன்னால் குத்தி, 2 டிகிரி மட்டும் திரும்புகிற பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேன் 2 டிகிரி 0.035. ஸ்டம்புக்கு 1 மீட்டர் முன்னால் அதை அடித்தால், குத்திய பிறகு 5 மீட்டர் ஓடி 17.5 செ.மீ. விலகியிருக்கும். 2 மீட்டர் முன்னால் அடித்தால் 14 செ.மீ. தான். வித்தியாசம் 3.5 செ.மீ. பேட்டின் அகலம் அதிகபட்சம் 10.8 செ.மீ., அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 தான். ஸ்லிப்புக்குக் கேட்ச்சாகப் போக வேண்டிய பந்து பேட்டுக்குள் வந்துவிடுகிறது, பாருங்கள்! காற்றில் ஸ்விங் ஆகிற பந்து இன்னும் மோசம். அரை ஏ டி ஸ்கொயர் முதலாமாண்டிலேயே படித்தோமே, அதேதான்: விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு ஏறும். கடைசி ஒரு மீட்டரில்தான் பந்து தன் வேலையைக் காட்டுகிறது.

விராட் கோலியின் கதையும் இதுதான். 2014-ல் இங்கிலாந்தில் 10 இன்னிங்ஸில் வெறும் 134 ரன். ஆண்டர்சனிடம் மட்டும் 4 முறை அவுட். 2018-ல் அதே ஊரில் 593 ரன், ஆண்டர்சன் ஒரு முறைகூட எடுக்கவில்லை. கிரீஸுக்கு வெளியே நிற்கச் சொன்னது ரவி சாஸ்திரி என்று கோலியே பிறகு சொன்னார். அது ஒன்றேதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். மனுஷன் அவ்வளவு உழைத்தார். வெளியே நின்றால் எல்.பி.டபிள்யூ. கொடுக்க அம்பயரும் யோசிப்பார். (நம்ம மேட்ச்சில் அம்பயரே பேட்டிங் சைடு ஆள், அந்தக் கவலை நமக்கு எதற்கு?)

அப்படியானால் எல்லோரும் முன்னால் வந்து நில்லுங்கள் என்கிறேனா? அதுவும் இல்லை. 1975 ஜனவரி, நம்ம சேப்பாக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இந்தியா 190-க்கு ஆல் அவுட். அதில் குள்ளமான விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட்! அவருக்குப் பேர் வாங்கித் தந்த ஸ்கொயர் கட் பின்னங்காலில் ஆடுகிற ஷாட். எகிறும் பந்தைக் கடைசி வரை பார்த்து வெட்ட, பின்னால் இடம் வேண்டும். மேட்டிங்கிலும் அப்படித்தான், பந்து நிமிர்ந்து வரும். கட்டும் புல்லும் தெரிந்தவன் உள்ளேயே நிற்கட்டும். மண் தரையில் பந்து தாழ்ந்து உருளும். அங்கே முன்னால் வந்து, தாழ்வதற்குள் அடிப்பதே மேல். பந்து பக்கவாட்டில் விலகுகிறதா, மேலே எழும்புகிறதா என்று முதல் இரண்டு ஓவர் பார்த்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். பவுலரின் மீசையைப் பார்த்து மாற்றாதீர்கள்!

வெளியே நிற்பவர்களுக்கு இரண்டு விஷயம். கீப்பர் ஸ்டம்புக்குக் கிட்டே வந்துவிட்டால் ஸ்டம்பிங் பயம் உண்டு, உடனே உள்ளே போய்விடுங்கள். கிரீஸுக்கு 1.52 மீட்டர் முன்னால் பிட்ச்சின் நடுவே பாதுகாக்கப்பட்ட பகுதி ஆரம்பிக்கிறது. அதில் நிற்க விதி இடம் தராது.

ஹெல்மெட் இல்லாமல் கார்க் பந்துக்கு முன்னால் வரவே வராதீர்கள். 1962-ல் பார்படோஸில் கிரிஃபித் போட்ட பந்து தலையில் பட்டு நம் கேப்டன் நரி கான்ட்ராக்டரின் மண்டை ஓடு உடைந்தது. அதன் பிறகு அவர் டெஸ்ட்டே ஆடவில்லை. நம் கிட் பேக்கில் இருப்பது ஒரே ஒரு ஹெல்மெட். ஓப்பனர் இரண்டு பேரும் சிங்கிள் எடுக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். யூனியன் நண்பர்களே, மலரை முழுசா படிக்கிறீர்கள்தானே? இன்டர் பாலிடெக்னிக் மேட்ச்சுக்குள் இன்னொன்று வாங்கிவிடலாம் இல்லையா?

கணக்கை நம்பாதவர்கள் சாயங்காலம் நெட்டுக்கு வாங்க. உள்ளே நின்று முப்பது பந்து, ஓரடி வெளியே நின்று முப்பது பந்து. எத்தனை நடு பேட்டில் பட்டது, எத்தனை விளிம்பில் பட்டது என்று ஒருத்தர் நோட்டில் குறிக்கட்டும். கோடு போட சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன்.