நிக்கலில் தொடங்கு

அன்பு மருமகனுக்கு,

வங்கியில் காசு ரோல் வாங்கி வந்து, வீட்டில் பிரித்துப் பழங்காசு தேடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்ல பொழுதுபோக்கு. அரை டாலரில் தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. 1964 அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி, 1965 முதல் 1970 வரை 40 சதவீதம் என்று படித்த எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள். நீ ஓடாமலிருக்க அதுவே போதுமான காரணம். 1965-இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது, அரை டாலரில் குறைத்தது. முகமதிப்பு ஒன்றே, உலோகம் இரண்டு என்றால் ஜனங்கள் மட்டமானதைச் செலவழித்து உசத்தியானதைப் பதுக்குவார்கள். கிரெஷாம் விதி என்பது இதுதான். தப்பிய கொஞ்சநஞ்சத்தையும் பல பத்தாண்டுகளாக ஆட்கள் சலித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, அரை டாலர் ஒரு பெட்டிக்கு 500 டாலர் முடங்கும்.

ஐந்து சென்ட் நிக்கலின் சங்கதி வேறு. 1866 முதல் அதில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். இரண்டாம் உலகப் போர்க்காலம் மட்டும் விலக்கு. உலோகம் மாறாததால் பழையதைத் தனியே எடுத்து வைக்க யாருக்கும் காரணமில்லை. 1938-இல் வந்த, முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் தலை பொறித்த காசுகள் இன்றும் புழக்கத்தில் அகப்படுகின்றன. செம்பும் நிக்கலும் விலை ஏறி, காசின் உலோக மதிப்பு ஐந்து சென்டைத் தாண்டினால் இதையும் பதுக்கமாட்டார்களா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படித் தாண்டியபோதுதான் 2006 இறுதியில் சென்ட்டையும் நிக்கலையும் உருக்கத் தடை வந்தது. ஆனால் பதுக்குகிறவனுக்குப் பழசும் ஒன்று, புதுசும் ஒன்று. பழசை மட்டும் பொறுக்கி எடுக்கமாட்டான். ரோலில் பழையவை குறையாமலிருப்பது அதனால்தான்.

நிக்கல் ரோல் ஒன்றில் நாற்பது காசு, இரண்டு டாலர். இந்தச் சின்ன ரோலில் படிக்க நிறைய இருக்கிறது. போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால் 1942 பிற்பகுதியிலிருந்து 1945 வரை 35 சதவீதம் வெள்ளி கலந்து அடித்தார்கள். அடையாளத்துக்காக, காசு அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்தைப் பின்பக்கம் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பெரிதாகப் போட்டார்கள். பிலடெல்பியாவின் 'பி' எழுத்து அமெரிக்கக் காசில் ஏறியதே அப்போதுதான். புழங்கிய காசு கறுத்த சாம்பல் நிறமாயிருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியும். மற்ற பழைய காசுகளில் எழுத்து இருந்தால், மாளிகையின் வலப்புறம் இருக்கும். 1965 முதல் 1967 வரை எழுத்தே கிடையாது. 1968-இல் அது முன்பக்கம் போய்விட்டது. 1950-இல் டென்வரில் அடித்தவை ஏறக்குறைய 26 லட்சம்தான். ஜெஃபர்சன் வரிசையிலேயே குறைவான எண்ணிக்கை அது. அதை அப்போதே வாங்கிப் பதுக்கியவர்கள் பலர், ஆகவே ரோலில் கிடைக்கும் என்று கனவு காணாதே.

மணிக்கணக்கில் தேடி என்ன வரும்படி என்று உன் அப்பா கேட்பார். வரும்படி அநேகமாக இல்லை என்றே சொல்லிவிடு. வேண்டாத காசை முகமதிப்புக்கே திருப்பலாம் என்பதால் நஷ்டமும் இல்லை. கடைகளில் நிற்கும் எண்ணும் இயந்திரத்தில் மட்டும் கொட்டாதே, கட்டணம் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரு தேசத்தின் போரையும் விலைவாசியையும் கையால் தொட்டுப் படிக்கும் பயிற்சி. அதற்குப் பொழுது செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

வாங்கிய கிளையிலேயே காசைத் திருப்பிக் கொட்டாதே. அதே காசு உன்னிடமே வந்து சேரும், கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கும் அலுப்பு. கிடைத்த பழங்காசைத் தேய்த்துப் பளபளப்பாக்காதே, சேகரிப்பவர்கள் மதிக்கமாட்டார்கள். கையை மட்டும் நன்றாகக் கழுவு. முதல் தவணையாக ஐந்து ரோல், பத்து டாலருக்குக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு காசின் ஆண்டையும் எழுத்தையும் நோட்டில் குறித்து, அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா