இலவசமும் பொதுச் சொத்தும்

"இலவச மென்பொருள்தானே, அதற்கேது உரிமையாளர்?" என்று பங்சார் வியாபாரச் சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு எண்ணுவது தவறு.

பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949-ல் பெற்றுப் பின்னர் மக்களுக்கே அளித்தது. இன்று எவரும் அச்சிடலாம், நிபந்தனை கிடையாது. எஸ்கியூலைட் என்னும் மென்பொருளும் இத்தகைய பொதுச் சொத்தே.

லினக்ஸ் அப்படியன்று. எழுதியவர்களின் பதிப்புரிமை அதற்கு உண்டு. அதன் ஜி.பி.எல். உரிமப்படி, கடையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், திருத்தி விற்பவர் வாங்குபவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளையும் கொடுத்தாக வேண்டும். மறைத்து விற்றால், மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வழக்கு வரலாம்.

ஆகவே, விலையை மட்டும் பாராதீர், உரிமத்தையும் படித்தறிவீர்!