டெர்மினலில் வண்ணம் சேர்க்க எந்த வழி?

நிரலெழுதக் கற்கும் மாணவர்களின் புராஜெக்டுகளில் சில ஆண்டுகளாக ஒரே முகம் தெரிகிறது. டெர்மினலில் ஓடும் சிறிய நிரல்தான்; மதிப்பெண் ஃபைலைப் படித்துக் கூட்டிச் சொல்லும், அல்லது ஒரு ஃபோல்டரில் இரண்டு முறை இருக்கும் ஃபைல்களைக் கண்டுபிடிக்கும். ஆனால் ஓட்டியதும் ஊதாவில் தொடங்கி இளஞ்சிவப்பில் முடியும் பெரிய எழுத்துகளில் நிரலின் பெயர் வருகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு கட்டத்துக்குள், பக்கத்தில் ஒரு எமோஜி. பிழைச்செய்தி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தேர்வு பெரும்பாலும் மாணவருடையதே அல்ல. சீனியரின் புராஜெக்ட் அப்படி இருந்தது. ரிவ்யூவுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு எடுப்பாக ஏதாவது எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் எட்டிப் பார்க்கிற பெற்றோர் "இவ்வளவு செலவு பண்ணிப் படிச்சு வெறும் கறுப்புத் திரைதானா" என்கிறார்கள். இந்த நெருக்கடியில் எடுக்கும் முடிவில், நிரலைத் தினமும் பயன்படுத்தப்போகிறவர் மறந்துபோகிறார். வண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது பிழை, எது எச்சரிக்கை என்று சொல்வது நிரலெழுதுபவரின் வேலை. அது எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பது படிப்பவரின் உரிமை. வழிகளை இந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வழிகள் பலருக்கும் தெரிந்தவையே. எஸ்கேப் குறிகளை நேரடியாக அச்சிடலாம்: எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பின் திறப்பு, 31, சிறிய எம் என்று அனுப்பினால் எழுத்து சிவப்பாகும், 31க்குப் பதில் 0 அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும். 1978இல் வந்த விடி100 டெர்மினல் பரவலாக்கிய முறை இது; அந்த இயந்திரத்தில் நிறமே கிடையாது, தடித்த எழுத்து, அடிக்கோடு, சிமிட்டல், எழுத்தும் பின்னணியும் இடம் மாறுவது, இவ்வளவுதான். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் டிபுட் கட்டளை வழியாக, எதிரே இருக்கும் டெர்மினலுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு எழுதலாம். மொழிக்கென்று இருக்கும் சிறிய லைப்ரரியை எடுக்கலாம். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நான்காவது வழிதான் இன்றைய மோகம்: 24 பிட் நிறங்களில், அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் சாயல்களிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரு தீம் செய்து, அதை நிரலுக்குள் பதித்துவிடுவது. தகுதிக்கு மீறிய புகழ் பெற்றிருக்கும் வழி இது.

காரணம் டெர்மினல் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. 31 என்று அனுப்பும்போது நிரல் ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்தச் சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்பதைப் பயன்படுத்துபவரின் டெர்மினல் அமைப்பு தீர்மானிக்கிறது. விண்டோஸ் கன்சோலில் கறுப்புப் பின்னணியில் கருநீல எழுத்து நெடுங்காலம் படிக்க முடியாமல் இருந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறத்தொகுப்பை மாற்றியமைத்தது; எண்ணை மட்டும் அனுப்பிவந்த நிரல்கள், ஒரு வரி திருத்தாமலே, புதிய தொகுப்பில் தெளிவாகத் தெரிந்தன. 24 பிட் நிறம் இந்த வாசலை மூடிவிடுகிறது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று அனுப்பியபின் டெர்மினல் பொதுவாகத் தலையிடுவதில்லை. கறுப்புத் திரையில் அழகாக மின்னிய வெளிர்மஞ்சள், வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவரின் திரையில் காணாமல் போகும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வெற்றியும் தோல்வியும் ஒன்றாகத் தெரியும், மாற்றிக்கொள்ளவும் எளிய வழியில்லை.

எண்ணால் அனுப்பும் 16 நிறங்களிலும் சிக்கல் உண்டே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2011இல் வந்த சோலரைஸ்ட் என்ற புகழ்பெற்ற நிறத்தொகுப்பு, பளிச்சிடும் கறுப்பு என்ற இடத்தில் தன் இருண்ட பின்னணி நிறத்தையே வைத்திருக்கிறது. சாம்பல் வரும் என்று நம்பி 90ஐ அனுப்பினால் அங்கே எழுத்தே தெரியாது. ஆனால் இது படிப்பவருக்கு நிறத்தை மாற்றும் வசதி தர வேண்டும் என்ற கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. எந்த இயல்புநிலை நிறமும் எல்லோருக்கும் பொருந்தாது. அடுத்த வாதம், பெரிய லைப்ரரி எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது. எத்தனை நிறம் காட்ட முடியும், வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா ஃபைலுக்குப் போகிறதா என்பதை நல்ல லைப்ரரிகள் கண்டுபிடிக்கின்றன. பின்னணி நிறத்தைக் கேட்டறியவும் ஒரு முறை இருக்கிறது. ஆனால் எல்லா டெர்மினலும் அதற்குப் பதில் சொல்வதில்லை. படிப்பவரின் கண்ணைப் பற்றி எந்த லைப்ரரிக்கும் தெரியாது. கட்டங்களின் கதை நம் மொழியில் இன்னும் மோசம். 'தமிழ்' என்ற சொல்லைப் பைதான் 5 என்று எண்ணும், நாம் 3 எழுத்து என்போம், திரையில் அது எத்தனை இடத்தை அடைக்கும் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். தமிழ்ப் பெயர்கள் நிறைந்த அட்டவணையின் வலது ஓரக்கோடு பல்லிளிப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். அலங்காரத்துக்காகச் சேர்க்கும் லைப்ரரியும் உங்கள் நிரலின் உறுப்பு. 2022 ஜனவரியில் நோட்.ஜேஎஸ் உலகின் கலர்ஸ் லைப்ரரியில் அதைப் பராமரித்தவரே முடிவில்லாமல் சுழலும் நிரல்துண்டைச் சேர்த்தார். அதை நம்பியிருந்த புராஜெக்டுகள் பொருளற்ற எழுத்துகளைக் கொட்டின. 2025 செப்டம்பரில் நிறம் சேர்க்கும் சாக் உள்ளிட்ட பல லைப்ரரிகளைப் பராமரிப்பவரின் கணக்கு ஃபிஷிங் மெயிலால் களவாடப்பட்டு, கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் அவற்றுக்குள் புகுத்தப்பட்டது. நாலு வரியில் எழுதக்கூடிய சிவப்பு எழுத்துக்காக இந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை. அந்தச் சிறு வசதியை நோட்.ஜேஎஸ் 2024இல் தனக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

என் சாய்வு பழைய கருவிகள் பக்கம்தான். நிறத்தை யார் தீர்மானிப்பது என்ற சிக்கலை அவை நன்றாகவே தீர்த்திருக்கின்றன. ஜிசிசி கம்பைலர் 2014 முதல் பிழை, எச்சரிக்கை, குறிப்பு என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்பதை ஜிசிசி கலர்ஸ் என்ற சூழல் மாறியில் பயனரையே எழுதிக்கொள்ள விடுகிறது. கிட், டிஃப் வெளியீட்டின் பழைய வரி, புதிய வரி, தலைப்பு ஆகிய ஒவ்வொன்றையும் அமைப்பு ஃபைலில் மாற்ற விடுகிறது. 24 பிட் நிறம் வேண்டுமென்றாலும் பயனர் அங்கே எழுதலாம். தேர்வு அவருடையது என்பதால் அதில் குற்றமில்லை. உங்கள் நிரலிலும் ஐந்தாறு பெயர்களுக்கு மேல் தேவைப்படாது. நிறம் சேர்க்கும் வேலை முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் வையுங்கள். மற்ற இடங்களில் 'சிவப்பு' என்று எழுதாமல் 'பிழை' என்று மட்டும் எழுதுங்கள். பைதானில் ரிச் லைப்ரரியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அதன் தீம் வசதியில் இதே பெயர்களைக் கொடுத்து, நிறங்களை அமைப்பு ஃபைலிலிருந்து படியுங்கள். முன்னுரிமையையும் தெளிவாக வையுங்கள். கட்டளையோடு தரும் ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் மேல். அடுத்தது பயனரின் அமைப்பு ஃபைல். அதற்கடுத்தது 2017 முதல் பல நிரல்கள் மதித்துவரும் நோ கலர் சூழல் மாறி. அது வெறுமையாக இல்லாவிட்டால் நிறம் சேர்க்கக்கூடாது. இவை எதுவும் சொல்லப்படாதபோது, வெளியீடு டெர்மினலுக்குப் போனால் மட்டும் நிறம். ஃபைலுக்கோ இன்னொரு நிரலுக்கோ போகும் வெளியீட்டில் எஸ்கேப் குறிகள் கலந்தால், அதைப் படிக்கும் அடுத்த ஸ்கிரிப்ட் உடையும்.

திரை வடிவமைப்பில் உண்மையான நாட்டம் உள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை மறைக்க வேண்டாம். கர்சஸ் லைப்ரரி வழியாகத் திரை முழுவதையும் ஆளும் நிரல் எழுதட்டும், அல்லது வலைப்பக்க வடிவமைப்புக்குப் போகட்டும். அங்கே அந்தத் திறமைக்கு முழு வேலை இருக்கிறது. தனக்கு எது வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனாலும் அது வீண் இல்லை. மற்றவர்கள் அவசரப்படாமல் முதலில் நிறமே இல்லாமல் எழுதுங்கள். சொற்களாலேயே பிழை பிழையென்று புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தபின் நிறத்தைச் சேர்த்து, வெள்ளைப் பின்னணியில் ஒருமுறை, சோலரைஸ்டில் ஒருமுறை, நோ கலரோடு ஒருமுறை, ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். கடைசியாக, நிரலெழுதத் தெரியாத ஒருவரிடம் உங்கள் உதவிக் குறிப்பை மட்டும் கொடுத்து, எச்சரிக்கையின் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.