ஓநாய்ச் சிலந்தியின் முகத்துக்கு நேராக

நெல்வயல் வரப்பில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியின் உடல் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். மேக்ரோ லென்ஸில் எடுத்த அதன் முகம் செல்பேசித் திரையை நிறைத்து நிற்கும்போது, பார்ப்பவர் மனத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிராணி உருவாகிவிடுகிறது. படம் நாலு பேர் கைமாறுவதற்குள் 'கடித்தால் சதை அழுகிவிடும்' என்ற எச்சரிக்கையும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அளவையும் இடத்தையும் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்பிவைப்பதால் வரும் வினை இது. படம் எடுப்பவர்களிடமும் தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றில் சில சிலந்தியின் உயிருக்கே உலை வைப்பவை. பார்ப்பவர்கள் நம்புவதையும் எடுப்பவர்கள் நம்புவதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஓநாய்ச் சிலந்தி கடித்தால் சதை அழுகும்

இந்தப் பழியைப் பிரேசிலில் மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். தோல் அழுகும் புண்களுக்கு ஓநாய்ச் சிலந்திதான் காரணம் என்று கருதி, அதற்கு எதிர்நஞ்சு மருந்துகூடத் தயாரித்தார்கள். பிறகு ஓநாய்ச் சிலந்திக் கடி என்று உறுதியான 515 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 1990-ல் வெளியான அந்த ஆய்வில், ஒருவருக்கும் சதை அழுகவில்லை. ஆஸ்திரேலியாவில் உறுதிசெய்யப்பட்ட 45 கடிகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவும் அதுதான்: வலி, சிவப்பு, சிறு வீக்கம், அரிப்பு. அவ்வளவே. தோலை அழுகவைப்பவை லாக்சோசிலிஸ் என்ற வேறொரு பேரினத்துச் சிலந்திகள்.

இதைவிடப் பழைய பழி இத்தாலியில் உண்டு. டராண்டோ நகரைச் சுற்றியுள்ள வயல்களில் வளை தோண்டி வாழும் பெரிய ஓநாய்ச் சிலந்தி கடித்தால், இசைக்கு நாள்கணக்கில் ஆடினால்தான் விஷம் இறங்கும் என்று அப்பகுதி மக்கள் நம்பினார்கள். 1959-ல் எர்னஸ்டோ டி மார்ட்டினோ என்ற ஆய்வாளர் ஒரு குழுவோடு சலெண்டோ பகுதிக்குப் போனபோதும் அந்த ஆட்டச் சடங்கு உயிரோடு இருந்தது. உடலை உண்மையிலேயே முறுக்கிப்போடும் நஞ்சு அதே வயல்களில் வாழும் இன்னொரு சிலந்தியிடம் இருக்கிறது. அது கறுப்பு விதவைச் சிலந்தியின் நெருங்கிய உறவு, அளவில் சிறியது, கண்ணில் எளிதில் படாதது. பெரிதாகத் தெரிந்த ஓநாய்ச் சிலந்தியின் தலையில் பழி விழுந்தது.

நம் வீடுகளில் காலையில் தோலில் கோடுகோடாகக் கொப்புளம் கண்டால் 'எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கிறது' என்று சொல்வதுண்டு. சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் விளக்கொளிக்கு வரும், செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒல்லியான ஒரு சிறு வண்டை நாம் தோலின் மேல் நசுக்கிவிடுகிறோம். அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலைப் புண்ணாக்குகிறது.

இவ்வளவு சொன்னதால் ஓநாய்ச் சிலந்தியைக் கையில் பிடிக்கலாம் என்று பொருளில்லை. அழுத்தினால் கடிக்கும். படம் எடுக்க அதைத் தொட வேண்டிய அவசியமும் கிடையாது.

நம்பிக்கை: ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் அசையாது

எனக்கு மிகவும் கோபம் வரும் பழக்கம் இது. சிலந்தியை டப்பாவில் அடைத்துக் குளிரூட்டி, விறைத்ததும் ஓர் இலைமேல் வைத்து எடுக்கிறார்கள். 'காட்டில் எடுத்தது' என்றும் எழுதிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். சிலந்தியின் கால்களில் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. மடக்கத்தான் தசை உண்டு. நீட்டுவது உடற்திரவத்தின் அழுத்தத்தால் நடக்கிறது. அழுத்தம் குறைந்தால் கால்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும். செத்த சிலந்தி மல்லாந்து கால்களை மடக்கிக் கிடப்பது அதனால்தான். தெம்போடு நிற்கும் ஓநாய்ச் சிலந்தி கால்களை அகல விரித்து, மார்பைத் தரையிலிருந்து சற்றே தூக்கி வைத்திருக்கும். அந்த நிற்பை ஃப்ரிட்ஜால் கொடுக்க முடியாது.

அவசியமும் இல்லை. ஓநாய்ச் சிலந்தி எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதாக நினைப்பதே தவறு. அதன் வேட்டையில் பெரும்பங்கு காத்திருப்பதுதான். அது ஓடுவது பெரும்பாலும் நம்மால். கால்களில் உள்ள நுண்ணிய பிளவு உறுப்புகள் தரையின் அதிர்வை உணரும்; மெல்லிய உணர்மயிர்கள் காற்றின் சிறு அசைவையும் உணரும். நாம் மண்ணை மிதிப்பது, அருகில் போய் மூச்சு விடுவது எல்லாமே அதற்குச் செய்தி. முழங்கையை முன்பே தரையில் ஊன்றிக்கொண்டு, நம் நிழல் அதன்மேல் விழாதபடி, மூச்சை வேறு பக்கம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினால் நின்று கொடுக்கும். இரையைத் தின்னும் சிலந்தி இன்னும் நிதானமாக இருக்கும். குறைந்த சக்தியில் ஃப்ளாஷ் ஒளி மின்னி மறையும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். சிறு அசைவை அதுவே உறையவைத்துவிடும்.

நம்பிக்கை: முட்டைப்பையை எடுத்துப் படம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்

தாய் ஓநாய்ச் சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் பின்முனையில், நூல் நூற்கும் உறுப்புகளோடு ஒட்டிச் சுமக்கிறது. வாயில் கவ்வி மார்புக்கடியில் வைத்துக்கொண்டு போகும் சிலந்தியைக் கண்டால் அது வேறு குடும்பம். பையை உற்றுப் பாருங்கள்: இரண்டு சிறு கிண்ணங்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து மூடியதுபோல் நடுவில் ஒரு தையல் ஓடும். குஞ்சுகளால் தாமாக அதைப் பிரித்துக்கொண்டு வெளியே வர முடியாது. உரிய நாளில் தாய் அந்தத் தையலைக் கடித்துப் பிளந்து கொடுக்க வேண்டும். தாயிடமிருந்து பிரிந்த பை குஞ்சுகளுக்குச் சவப்பெட்டி.

பிரெஞ்சு இயற்கையாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர், தென்பிரான்சின் பெரிய ஓநாய்ச் சிலந்தி ஒன்றிடமிருந்து பையைப் பறித்து, அதே அளவில் தக்கையில் செய்த உருண்டையைக் கொடுத்தார். தாய் அதையே கட்டிக்கொண்டு நடந்தது. வளை வாயிலில் நின்று பையை வெயிலில் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுவதையும் அவர் வாரக்கணக்கில் பார்த்து எழுதியிருக்கிறார். பறித்தால் என்ன ஆகும் என்பதை அவர் நமக்காக ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். நாம் மறுபடி பறிக்க வேண்டாம்.

பை பிரிந்ததும் குஞ்சுகள் தாயின் கால்வழியே ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்காரும். பெரிய இனங்களில் நூறுக்கும் மேல் இருக்கும். சாதாரணக் கண்ணுக்குத் தாயின் உடம்பு சொரசொரப்பாக வீங்கியிருப்பதுபோல்தான் தெரியும். தாயைத் தின்பதற்காக ஏறியிருக்கின்றன என்று சொல்பவர்களும் உண்டு, அது தவறு. இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால், தாயின் வயிற்று மேற்புறத்தில் முனை உருண்ட சிறப்பு மயிர்களும் அவற்றைப் பற்றியிருக்கும் குஞ்சுகளின் கால்நுனிகளும் தெரியும். முட்டையில் மிச்சமிருந்த கருவுணவே அந்த நாள்களுக்கு அவற்றின் சாப்பாடு. இந்த நேரத்தில் தாயை விரட்டினால் குஞ்சுகள் சிதறும். இரண்டு மூன்று படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுவதே முறை.

நம்பிக்கை: இரவில் அதன் கண்கள் ஒளி வீசுகின்றன

ஒளி நம்முடையது. ஓநாய்ச் சிலந்திக்கு முன்வரிசையில் நான்கு சிறு கண்கள், அதன்மேல் நேராகப் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள், அவற்றுக்கும் பின்னால் தலையின் மேற்பகுதியில் இரண்டு. முன்வரிசை நடுவிலுள்ள இரண்டைத் தவிர மற்ற ஆறிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு வரப்பில் பார்வையை ஓட்டினால் புல்லுக்கிடையே பசுநீலப் புள்ளிகள் தெரியும். பனித்துளியும் மின்னும், ஆனால் நாம் அசையும்போது அதன் மினுக்கம் விட்டுவிட்டு வரும். சிலந்தியின் கண் அசையாத ஒரே புள்ளியாக நிற்கும். டார்ச்சைக் கையில் இடுப்பளவில் பிடித்தால் இந்தக் காட்சி கிடைக்காது. ஒளி வந்த வழியே திரும்புவதால் விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும்.

படத்துக்கும் இதே விதிதான். லென்ஸை ஒட்டி வரும் ஒளியில் கண்கள் ஒளிரும். பக்கவாட்டு ஃப்ளாஷில் கறுப்பாகத் தெரியும். கறுப்பாக வந்தால் படம் கெட்டுவிட்டது என்று கணினியில் நீலம் பூசுகிறார்கள். வேண்டாத வேலை.

நம்பிக்கை: விலையுயர்ந்த லென்ஸும் எஃப் 22-ம் இருந்தால் எல்லாம் தெளிவாக விழும்

பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி மாட்டினாலே பெரும் உருப்பெருக்கம் கிடைக்கும். அமெரிக்காவின் தாமஸ் ஷஹான் தாவும் சிலந்திகளின் புகழ்பெற்ற முகப்படங்களை இப்படித் திருப்பி மாட்டிய பழைய லென்ஸால் எடுத்தவர். பணத்தைவிட ஒளி முக்கியம். ஃப்ளாஷுக்கு முன்னால் அகலமான வெள்ளை டிஃப்யூசர் இல்லாவிட்டால், வழவழப்பான கண்களிலும் மயிர்களிலும் சுள்ளென்ற வெள்ளைப் புள்ளிகள் விழுந்து நுணுக்கமெல்லாம் அடிபட்டுப்போகும்.

லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரைப் பொறுத்தவரை, உருவம் சென்சாரில் அதன் இயல்பான அளவிலேயே விழும்போது லென்ஸ் வெகுவாக முன்தள்ளப்படுவதால், எஃப் 22 நடைமுறையில் எஃப் 44 ஆகிவிடுகிறது. அவ்வளவு சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதும் மழுங்கும். எஃப் 8, எஃப் 11 போதும். அப்போது தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டரை இரண்டு பெரிய கண்கள்மேல் வைக்க வேண்டும். கேமராவைச் சிலந்தியின் மட்டத்துக்கே இறக்கி நேர்முகமாக வைத்தால்தான் இரு கண்களும் ஒரே தளத்தில் கிடைக்கும். சேறு பூசிக்கொள்ளாமல் இது நடக்காது.

நம்பிக்கை: இந்தச் சிலந்தி வலை பின்னாது

பெரும்பாலானவை பின்னுவதில்லை. ஹிப்பாசா பேரினம் பின்னும். மார்கழிக் காலையில் புல்தரை முழுக்கப் பனி படிந்த விரிப்புகள் தெரிகின்றனவே, ஓர் ஓரத்தில் புனல்போல் உள்வாங்கிய துளையோடு இருப்பவற்றில் பல அதனுடையவை.

நம்பிக்கை: படம் துல்லியமாக இருந்தால் இனத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்

கண்வரிசையைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லலாம். உலகில் ஓநாய்ச் சிலந்திகள் 2,400 இனங்களுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறிய இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி முழுப்பெயர் எழுதுவது பலமுறை பொய்யாகிவிடும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை. முகத்தோடு முதுகையும் பக்கவாட்டையும் எடுத்து வையுங்கள். முகத்தருகே உள்ள உணர்கால்களின் நுனி பருத்திருந்தால் வளர்ந்த ஆண். பிறகு பார்க்கும் அறிஞருக்கு இதெல்லாம் உதவும்.

நம்பிக்கை: வயலில் சிலந்தி இருந்தால் மருந்தடிக்க வேண்டும்

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்யும் நம்பிக்கை இது. நெல்வயலில் பரவலாகக் காணப்படுவது பார்டோசா சூடோஅனுலேட்டா. தண்ணீரின் மேலேயே ஓடும், நெற்பயிரின் தூரில் ஏறி வேட்டையாடும். நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சி சாறு உறிஞ்சுவதும் அதே தூரில்தான். வளர்ந்த சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பீட்டர் கென்மோரும் உடனிருந்தோரும் செய்து 1984-ல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடித்த பாத்திகளில் சிலந்தி முதலான எதிரிகள் அழிந்து புகையான் பல மடங்கு பெருகியதைக் காட்டியது. 1986-ல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடைசெய்தது இந்த அறிவின் பலத்தில்தான்.

ஓநாய்ச் சிலந்தி புகையானைக் கவ்வி நிற்கும் ஒரு படம் கிடைத்தால், தேதி, ஊர், பயிரின் வயது, சிலந்தியின் நீளம் மில்லிமீட்டரில், அந்த வயலில் மருந்து எப்போது அடித்தது என்பதையெல்லாம் அதனுடனேயே எழுதி வையுங்கள். முதல் பிரதியை வயலுக்குச் சொந்தக்காரரிடம் கொடுங்கள்.