ஊர் அலமாரி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொலைதேசத்து நிலநடுக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த மறுநாள், நூலகத் தேதிச்சீட்டில் முத்திரை குத்தக் கையே வரவில்லை என்று எழுதியிருந்தாய். "அங்கே உயிர் போகிறது, இங்கே நான் நாவல் அடுக்குகிறேன்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். 2011 மார்ச்சில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதம் 11ஆம் தேதி சுனாமி ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஏறியது. இவாத்தே மாகாணத்தின் ரிகுசென்தகாதா நகர நூலகத்தில் சுமார் 80,000 நூல்கள் நாசமாயின. நூலக ஊழியர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. உன்னையும் என்னையும் போல, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பிறகு மீட்க வந்தவர்கள் இடிபாடுகளில் எதைத் தேடி எடுத்தார்கள் தெரியுமா? நாவலையும் அகராதியையும் மறுபடி வாங்கிவிடலாம். அவர்கள் காப்பாற்றப் பாடுபட்டது உள்ளூர் ஆவணங்களை. எடோ எனும் பழைய ஆட்சிக் காலத்தில் அந்த வட்டாரத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த யோஷிதா குடும்பத்தின் கையெழுத்துப் பதிவேடுகள் அவற்றில் அடக்கம்.

கடல்நீரில் ஊறிய தாளை உலர்த்தினால் மட்டும் போதாது. உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூஞ்சை பிடிக்கும். தையலைப் பிரித்து, தாள் தாளாக நன்னீரில் அலசி, மெல்லிய தூரிகையால் சேற்றைத் தள்ளி, உலர்த்தி, மறுபடி தைக்க வேண்டும். மீட்ட ஆவணங்களில் ஒரு பகுதியை டோக்கியோ பெருநகர நூலகத்தார் இப்படிப் பொறுமையாகச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். அலை அவர்களைத் தொடவில்லை. தங்களுக்குத் தெரிந்த கைவேலையைச் செய்தார்கள். 2017இல் ரிகுசென்தகாதா நூலகம் புதுக் கட்டடத்தில் திறந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இடம் போதவில்லை என்று, அட்டை கிழிந்த ஒரு பள்ளிப் பொன்விழா மலரைக் கழிவுக்கட்டில் சேர்த்திருந்தேன். பின்னால் ஒரு பெரியவர் அதைக் கேட்டு வந்தார். அவருடைய அப்பாவின் ஒரே புகைப்படம் அதில்தான் இருந்ததாம். சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். எண் இருந்தது, எதிரே 'நீக்கப்பட்டது' என்று என் கையெழுத்து. அதைக் கொண்டுபோனது கடல் இல்லை, நான்.

ஆகவே உனக்கு ஒன்று சொல்கிறேன். துயர்நிதிக்கு முடிந்ததைக் கொடு. பிறகு உன் கிளை நூலகத்தில் ஊருக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கு. குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டுமலர், ஊர்க்காரர் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறுநூல் என எது வந்தாலும் பதிவேட்டில் ஏற்று. மழைநீர் கசியும் சுவரோரம் வைக்காதே. அடித்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது உயரட்டும். பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வேறு ஊரில் வைத்திரு.

நம் கையில் தாள் உலர்ந்தே இருக்கிறது. காலையில் மின்விசிறியைப் போட்டதும் நாளிதழுக்குக் கை நீட்டும் பெரியவர் நாளையும் வருவார். இதை நான் நன்றியோடு நினைக்காத நாள் இல்லை. அந்த நன்றியை வேலையாகச் செலுத்துவதுதான் நமக்குத் தெரிந்த வழி.

சென்ற வாரம் பழைய புத்தகக் கடையில் உங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலர் கிடைத்தது. கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. இத்துடன் அனுப்புகிறேன், சேர்க்கை எண் கொடுத்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்