முள்ளிலவா, கல்யாண முருங்கையா?

தை, மாசி வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது: "தோட்டத்து ஓரத்தில் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிற முள்மரம் என்ன மரம்? வெட்டிவிடலாமா?" பூவின் நிறத்தையும் முள்ளையும் மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. முள்ளிலவும் சிவப்பு, கல்யாண முருங்கையும் சிவப்பு. இரண்டுக்கும் முள் உண்டு.

முதலில் பட்டை. முள்ளிலவின் முள் அடி பருத்து நுனி கூம்பியிருக்கும். பட்டையிலிருந்தே புடைத்து வருவதால் கல்லால் பக்கவாட்டில் தட்டினால் பெயர்ந்துவிடும். கல்யாண முருங்கையின் முள் சிறியது, கறுப்பு, பூனை நகம் மாதிரி. ஆனால் வயதான இலவின் அடிமரத்தில் முள் உதிர்ந்து பட்டை சாம்பல் நிறமாக வெடித்திருக்கும். முள் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அண்ணாந்து இளங்கிளைகளைப் பாருங்கள்.

நான் அதிகம் நம்புவது மொட்டை. கீழே விழுந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். வெளியே வழவழப்பாக, பழுப்பேறிய பச்சையில், தோல் போலத் தடித்த ஒரு கிண்ணம் இதழ்களைப் பிடித்திருக்கும். நகத்தால் கிழித்தால் உட்புறம் பட்டுமயிர். மசாலா அரைக்க மராட்டி மொக்கு வாங்குபவர்களுக்கு அந்த வடிவம் பழக்கம்தான். இலவ மரத்து மொக்கைக் காயவைத்ததுதான் அது. கல்யாண முருங்கையின் மொட்டு ஒடுங்கி வளைந்து, கொத்தாக இருக்கும்.

காயில் சந்தேகமே வராது. கட்டை போல் இறுகிய இலவங்காய் சித்திரை வெயிலில் ஐந்தாக வெடித்துப் பஞ்சைப் பறக்கவிடும். கிளி காத்திருந்து ஏமாந்தது இந்தக் காயிடம்தான். கல்யாண முருங்கையில் விதைக்கு விதை இடுங்கிய கறுப்பு நெற்று தொங்கும்.

போடிப் பக்கம் தோப்பாக வளர்க்கும் இலவம்பஞ்சு மரம் வேறு. அமெரிக்க வெப்பமண்டலத்து மரம் அது. இளமரத்தின் தண்டு பச்சையாக இருக்கும், கிளைகள் அடுக்கடுக்காகக் கிடையாக நீளும், வெளிறிய சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கும். பூவுக்கு மகரந்தத் தாள் ஐந்தே. முள்ளிலவுப் பூவில் அறுபதுக்கு மேல் எண்ணலாம்.

நம் மண்ணின் மரத்தை முள்மரம் என்பதற்காக வெட்டவேண்டாம். பூக்கும் காலத்தில் ஒரு நாள் விடியலில் போய் நில்லுங்கள். மைனாவும் காக்கையும் அணிலும் அந்தச் சிவப்புக் கிண்ணங்களுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துக்கொண்டிருக்கும்.