கைக்கூலியும் மனச்சாட்சியும்

கல்முனைக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

பெண் வீட்டார் தரும் கைக்கூலியைச் சட்டம் தடுக்கவில்லை, மார்க்கம் அன்பளிப்பை விலக்கவில்லை, ஊர் வழக்கமோ அதை எதிர்பார்க்கவே செய்கிறது என்று மூன்று சாட்சிகளை நிறுத்தி, சட்டம் படித்தவனுக்குரிய சாமர்த்தியத்தோடு எழுதியிருக்கிறாய். அவர்களை நான் சற்றுக் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைத் தடுக்கவில்லை என்பது மெய். ஆயினும் அது மணமகளின் பிரயோசனத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பொருள் என்றே அச்சட்டம் வரைவிலக்கணம் கூறி, அதை மீட்கக் காதியாரிடம் முறையிடவும் வழி வைத்திருப்பதால், நீ கடன் அடைக்க எண்ணியிருக்கும் அந்தப் பணம் சட்டத்தின் கண்ணிலேயே உன்னுடையதன்று. மார்க்கமோ கொடுக்கும் கடமையை ஆணின்மீதே சுமத்தி, அதற்கு மஹர் என்று பெயரிட்டது. திருமணப் பதிவான காவினில் மஹர் சிறு தொகையாய் எழுதப்பட, கைக்கூலி இலட்சங்களில் பேசப்படும் விநோதத்துக்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைக்காதே.

வழக்கம் என்ற மூன்றாவது சாட்சியே கடினமானது. தாய்வழிக் குடிமுறையில் ஊறிய நம் கரையில், மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வதும் தலைமுறைகளாய் நிலைத்த சம்பிரதாயம். அதனால் தலாக் சொல்லப்பட்ட பெண்ணும் தெருவில் நிற்பதில்லை, வெளியேறுபவன் ஆணே. அதே சம்பிரதாயந்தான் மூன்று பெண்களைப் பெற்ற தகப்பனை வயலை விற்கவும் கட்டாருக்குப் போகவும் வைக்கிறது. இதில் எது அவளைக் காக்கிறது, எது உன்னைக் கொழுக்க வைக்கிறது என்று பிரித்தறிய எந்தக் காதியாரும் உனக்கு உதவமாட்டார்.

உபதேசிக்க எனக்கு யோக்கியதை குறைவு. நானும் வாங்கியவன், அதற்காக விற்ற வயலில் பிறர் அறுவடை செய்வதைப் பார்த்துக்கொண்டு என் மாமனார் வரம்பில் நின்றதைக் கண்டும் பேசாமல் போனவன். 2004 டிசம்பர் 26இல் உன் மாமியின் சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. பின்னர் கிடைத்த வீட்டின் பத்திரம், குடும்பத் தலைவன் என்ற ஒரே காரணத்தால், என் பெயரில் வந்தது. சட்டப்படி சரிதானே என்று, உன்னைப் போலவே, நானும் இத்தனை வருடம் வாளாவிருந்தேன்.

வரும் திங்கட்கிழமை அதை அவள் பெயருக்கு மாற்ற நொத்தாரிசிடம் போகிறேன். நீயும் வா, பெண் வீட்டார் எழுதவிருக்கும் வீட்டின் உறுதியை யார் பெயரில் முடிப்பது என்பதை அங்கேயே பேசிவிடலாம்.

உன் மாமா